உதிர்ந்த இலையைக் கூட்டித் தள்ளுவதா, மண்ணுக்குப் போர்த்துவதா?

சிங்கப்பூரில் செடி வளர்க்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாக்குவாதம் அடிக்கடி வரும். உதிர்ந்த இலைகளை வீணாக்காமல் பொடித்து மண்மேல் போர்த்துங்கள் என்று ஒருவர் காணொளி அனுப்புவார். பெரும்பாலும் அது இங்கிலாந்திலோ கனடாவிலோ அக்டோபர் மாதத்தில் எடுத்ததாக இருக்கும். உடனே இன்னொருவர் டெங்கி எச்சரிக்கைப் பதாகையைப் படம் பிடித்துப் போடுவார்: காய்ந்த இலைகளைத் தேங்கவிடாதீர்கள், கொசு பெருகும்.

இரண்டு அறிவுரையும் சரியானவைதான். காணொளி சொல்வது நறுக்கி, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் இலையை. பதாகை சொல்வது முழுசாக, குழிந்து, தண்ணீர் ஏந்தி நிற்கும் இலையை. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி நம் தட்பவெப்பத்தில் இருக்கிறது. குளிர்நாட்டுக் கணக்கை அப்படியே இங்கே எடுத்து வைத்தால் செடிக்கும் பயனில்லை, அக்கம்பக்கத்தாருக்கும் நிம்மதியில்லை.

முதலில் மூன்று சொற்கள்

1. மூடாக்கு: மண்ணின் மேற்பரப்பில் போர்வையாகப் பரப்பும் பொருள். இலை, வைக்கோல், மரச்சீவல், தேங்காய் மட்டை எதுவாகவும் இருக்கலாம். மண்ணோடு கலப்பதில்லை, மேலே கிடக்கும்.

2. மக்கு உரம்: காய்ந்த பொருளையும் பச்சைப் பொருளையும் (காய்கறித் தோல், புல், காப்பித்தூள் சக்கை) சேர்த்துக் குவித்து, சூடேறி மட்கவைத்த உரம். இதை மண்ணோடு கலக்கலாம்.

3. இலைமக்கு: இலையை மட்டும் ஈரமாகக் குவித்து, பூஞ்சைகள் மெதுவாகச் சிதைத்த பிறகு கிடைக்கும் கருத்த, பொலபொலவென்ற பொருள். குளிர்நாடுகளில் இதற்கு ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகும்.

இந்தக் கட்டுரை மூடாக்கைப் பற்றியது. மற்ற இரண்டுக்கும் குவித்து வைக்க இடம் வேண்டும். அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் அது கிடைப்பது அரிது.

இலையுதிர்காலம் இல்லாத ஊரில் இலை எப்போது உதிரும்?

குளிர்நாட்டு மரத்துக்குப் பகல் சுருங்குவதும் குளிர் ஏறுவதும்தான் இலையை விடச் சொல்லும் அறிகுறி. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு 9 நிமிடம்தான். அதை வைத்து எந்த மரமும் காலம் கணிக்காது.

இங்குள்ள மரங்களுக்கு வறட்சிதான் அறிகுறி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பிப்ரவரியில் காற்று காய்ந்து வீசும்போது பல மரங்கள் ஒரேயடியாக இலையை விட்டுவிட்டு, சில நாள்களில் புதுத் தளிர் எடுக்கின்றன. ஆண்டின் நடுப்பகுதி வறட்சிக்குப் பிறகு சில மரங்கள் இதை மறுபடியும் செய்யும். கெத்தாப்பாங் என்று இங்கே அழைக்கப்படும் நாட்டு வாதுமையைக் கவனித்தால் தெரியும்: அதன் இலைகள் ஆண்டில் இருமுறை செந்நிறமாகிக் கொட்டும். மற்ற மரங்கள் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

இலைக்கு இங்கே பஞ்சமும் இல்லை. 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸில் லீ குவான் இயூ ஒரு மெம்பாட் மரம் நட்டதிலிருந்து தொடங்கிய மரநடுகை இன்றுவரை ஓயவில்லை. 2020இல் தொடங்கிய பத்து லட்சம் மரங்கள் இயக்கம் அதன் அண்மைய கட்டம். ஆகவே வெளிநாட்டுத் தோட்டக்காரரைப் போல ஓராண்டுக்கான இலையை ஒரே மாதத்தில் மூட்டை கட்டிச் சேமிக்கும் தேவை நமக்கு இல்லை. சேமித்தாலும் மூட்டைக்குள்ளேயே மட்கிவிடும்.

மண்மேல் போர்த்தினால் என்ன நடக்கிறது?

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. ஏறக்குறைய 170 நாள் மழைநாள். இந்த மழை சாரலாக விழுவதில்லை. இடிமழையின் பெரிய துளி ஒன்று விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் மண்ணை அடிக்கிறது. வெறும் மண்ணில் விழும் அந்த அடி மண்கட்டிகளை உடைத்து, நுண்துகள்களைத் துளைகளுக்குள் அடைத்துவிடுகிறது. மழை விட்டு வெயில் வந்ததும் மேலே ஓர் ஓடு படிகிறது. அடுத்த மழையின் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடும், அல்லது தேங்கும்.

ஒரு பெருமழைக்குப் பிறகு மிளகாய்ச் செடியின் அடியிலைகளைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறம் முழுவதும் செம்மண் புள்ளி தெறித்திருக்கும். அந்தப் புள்ளிகளோடு மண்ணிலுள்ள பூஞ்சை வித்துகளும் இலைக்கு ஏறிவிடுகின்றன. கத்தரியிலும் தக்காளியிலும் நோய் கீழிருந்து மேலே ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மூடாக்கு போட்ட பாத்தியில் துளி இலைமேல் விழுந்து உடைந்து, மெல்லக் கசிந்து இறங்கும். தெறிப்பு மிகவும் குறைந்துவிடும். நம் ஊருக்கு மூடாக்கின் முதல் பயன் இதுதான் என்பது என் கருத்து. களை குறைவதும், நண்பகலில் மண் சூடேறாமல் இருப்பதும், தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சமாவதும் இதற்கு அடுத்தபடிதான்.

பிறகு சிதைவு. வெப்பம் 10 டிகிரி கூடினால் நுண்ணுயிர்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொது விதி. லண்டனில் குளிர்காலம் முழுவதும் அவை ஏறக்குறைய முடங்கிக் கிடக்கும். இங்கே ஆண்டின் சராசரி வெப்பம் 28 டிகிரியை ஒட்டியே இருக்கிறது, ஈரமும் குறைவதில்லை, ஓய்வு என்பதே அவற்றுக்கு இல்லை. அதனால் அங்கே ஓராண்டு தாங்கும் அடுக்கு இங்கே சில மாதங்களில் கரைந்துவிடும். பலர் இதைப் பார்த்து மூடாக்கு பயனற்றுப் போனதாக நினைக்கிறார்கள். அது காணாமல் போனது மண்ணுக்குள்தான். மழை சத்துகளை அரித்துச் செல்லும் நம் அமில மண்ணுக்கு, வீடமைப்புப் பேட்டைகளில் வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பி இறுக்கிய மண்ணுக்கு, அந்தக் கரிமப் பொருள் அவ்வளவு தேவைப்படுகிறது.

உரமாகுமா?

ஓரளவுக்கு மட்டும். மரம் இலையை விடுவதற்கு முன் அதிலுள்ள தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஏறக்குறைய பாதியைக் கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இலை மஞ்சளாவது அதன் அடையாளம். சுண்ணாம்புச்சத்தை அப்படி இழுக்க முடியாது, அது இலையிலேயே தங்கிவிடும். எனவே காய்ந்த இலையில் கரிமம் (கார்பன்) மிகுதி, தழைச்சத்து குறைவு.

இதனால்தான் ஓர் எச்சரிக்கை. நுண்ணுயிர்கள் சுமார் 25 முதல் 30 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து என்ற அளவில் உண்ணும்போது தங்குதடையின்றிப் பெருகும். காய்ந்த இலையில் கரிமத்தின் பங்கு பெரும்பாலும் இதைவிட அதிகம். குறையும் தழைச்சத்தை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். இலையை மண்மேல் பரப்பினால் இந்தப் பற்றாக்குறை தொடுபரப்பில் மட்டும் நிகழும், வேருக்கு எட்டாது. மண்ணோடு கிளறிக் கலந்துவிட்டால் வேர் இருக்கும் இடத்திலேயே போட்டி தொடங்கி, செடி வெளிறிப் போகும். காய்ந்த இலையைப் புதைக்காதீர்கள், போர்த்துங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். கோழி எரு குருணையோ மக்கு உரமோ முன்பு போலவே போட வேண்டும். மூடாக்கை விலக்கி, மண்ணில் இட்டு, மறுபடி மூடிவிடுங்கள்.

எந்த மரத்து இலை?

எல்லா இலையும் ஒன்றல்ல. நம் தெருவோரத்தில் கிடைப்பவற்றை இப்படிப் பார்க்கலாம்:

1. தூங்குமூஞ்சி மரம்: என்னைக் கேட்டால் சிங்கப்பூரில் இதற்கு ஈடான மூடாக்கு இலை இல்லை. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே சாலையில் விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் குடை விரித்து நிற்கும் மரம் இதுதான். சிற்றிலைகள் விரல்நுனி அளவே இருப்பதால் நறுக்கவே தேவையில்லை. பயறு குடும்பத்தைச் சேர்ந்ததால் தழைச்சத்தும் கூடுதல், விரைவில் மட்கும். காய்களை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். இனிப்புச் சதை எறும்பை இழுக்கும், விதைகள் முளைத்துவிடும்.

2. அங்சானா, பெருங்கொன்றை: இவையும் பயறு குடும்பம். அங்சானா இலை கொஞ்சம் பெரிது, கையால் நொறுக்கினால் போதும்.

3. மகாகனி, மா, பலா: தோல் போன்ற தடித்த இலைகள். முழுசாகப் பரப்பினால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி ஓடு வேய்ந்ததுபோல ஆகிவிடும், தண்ணீர் இறங்காது. நறுக்கியே ஆக வேண்டும். கரும்புள்ளி விழுந்த மாவிலையை மாமரத்தடியில் போடாதீர்கள், நோய் திரும்பிவிடும்.

4. கெத்தாப்பாங்: சண்டைமீன் வளர்ப்பவர்கள் இந்த இலையைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் போடுவார்கள். தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும் டானின் அதில் நிறைய உண்டு. மெதுவாகச் சிதைவதால் மரத்தடிக்கும் புதர்ச்செடிக்கும் நல்லது. ஆனால் காய்ந்ததும் கிண்ணம்போல் குழியும். இந்த இலையை முழுசாக விடவே கூடாது.

5. தவிர்க்க வேண்டியவை: அக்கேசியா, யூகலிப்டஸ். நாற்றுகளின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் அவற்றில் உள்ளன. நெடுஞ்சாலை ஓரத்தில் சிகரெட் துண்டும் பிளாஸ்டிக்கும் கலந்து கிடக்கும் இலையும் காய்கறிப் பாத்திக்கு வேண்டாம்.

டெங்கிக் கேள்வி

2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோர் டெங்கியால் பாதிக்கப்பட்டார்கள். யாரும் இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது, எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆகவே காரணத்தோடு பார்ப்போம்.

ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் முட்டையை ஒட்டுகிறது. அந்த முட்டை தண்ணீரில்லாமல் பல மாதம் தாங்கும். ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்த புழு கொசுவாவதற்குத் தேங்கிய தண்ணீர் கட்டாயம் வேண்டும், அதுவும் ஏறக்குறைய ஒரு வாரம் வற்றாமல். 20 காசு நாணயம் அளவுத் தேக்கமே அதற்குப் போதும்.

இந்த நிபந்தனையை வைத்து ஒவ்வோர் இடமாகச் சோதியுங்கள். குழிந்த கெத்தாப்பாங் இலையில் தண்ணீர் நிற்கும். வடிகாலை அடைத்த இலைக்குப் பின்னால் தண்ணீர் நிற்கும். கூரைத் தண்ணீர்க்கால்வாயில், இலை மூட்டையின் மடிப்பில், பனைவகை மரங்களின் விழுந்த மட்டையில் நிற்கும். விரல்நகம் அளவுக்கு நறுக்கி மண்மேல் பரப்பிய இலையில் நிற்காது. தண்ணீர் துண்டுகளுக்கிடையே இறங்கி மண்ணுக்குள் போய்விடும். ஈரம் இருக்கும், தேக்கம் இருக்காது. கொசுப்புழுவுக்கு ஈரம் மட்டும் போதாது.

இன்னொன்றும் உண்டு. கொசு ஒழிப்புக்காகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லும் ஐந்து படிகளில் முதலாவது, பூந்தொட்டிகளில் இறுகிப்போன மண்ணைக் கிளறிவிடுவது. இறுகிய மண்ணின்மேல் தண்ணீர் தேங்கும் என்பதே காரணம். மழைத்துளி அடித்து மண்மேல் ஓடு படிவதை மேலே பார்த்தோம். மண் இறுகாமல் காப்பதுதான் மூடாக்கின் வேலை. சரியாகப் போட்ட மூடாக்கு அந்த முதல் படிக்குத் துணை செய்கிறது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே கல்போல் இறுகிய களிமண்ணின்மேல் இலையைப் பரப்பினால், கண்ணுக்குத் தெரியாமல் இலைக்கு அடியில் தண்ணீர் நிற்கலாம். முதலில் கிளறுங்கள், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், இறங்குகிறதென்றால் மட்டும் மூடுங்கள். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டிலும் இலைத்துண்டு விழுந்து அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்முறை

1. வெயில் ஏறிய பிறகு, இலை மொறுமொறுப்பாக இருக்கும்போது சேகரியுங்கள். ஈர இலை நொறுங்காது.

2. குச்சி, காய், பிளாஸ்டிக், நோய்ப்பட்ட இலை ஆகியவற்றைப் பிரித்தெடுங்கள்.

3. நொறுக்குங்கள். காணொளிகளில் வரும் புல்வெட்டும் வண்டி நம் வீடுகளில் இல்லை, தேவையும் இல்லை. காலியான அரிசிச் சாக்கில் முக்கால் பாகம் இலை நிரப்பி, வாயைக் கட்டி, காலால் மிதித்துப் புரட்டினால் மெல்லிய இலை தூளாகும். தடித்த இலைக்கு, வாளியில் போட்டுப் பெரிய கத்தரிக்கோலால் வெட்டுவதே வழி. முகக்கவசம் அணியுங்கள், பூஞ்சைத் தூசி கிளம்பும்.

4. பாத்தியில் 5 சென்டிமீட்டர், தொட்டியில் 2 முதல் 3 சென்டிமீட்டர். இதற்குமேல் போட்டால் நம் ஈரத்தில் அழுகல் வாடை வரும்.

5. தண்டைச் சுற்றி ஒரு கையளவு இடம் விடுங்கள். கறிவேப்பிலைக் கன்றின் அடியில் ஈர இலையைக் குவித்துவைத்தால் பட்டை அழுகத் தொடங்கிவிடும்.

6. மேலே தண்ணீர் தெளித்துப் படியவையுங்கள். நடைபாதைத் தொட்டி என்றால் இது முக்கியம், இல்லாவிட்டால் காற்றில் பறந்து அண்டை வீட்டார் வாசலுக்குப் போகும்.

7. விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். மண் தட்டுப்படும் அளவுக்கு மெலிந்ததும் ஒரு பிடி சேருங்கள். நம் ஊர் முறை அதுதான்: கொஞ்சமாக, அடிக்கடி.

எவ்வளவு இலை வேண்டும்? தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் கொண்டது. 5 சென்டிமீட்டருக்கு அதற்கு 125 லிட்டர் நறுக்கிய இலை பிடிக்கும். நொறுக்கினால் கன அளவு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகச் சுருங்கும். ஆக, முழு இலையாகச் சுமார் 500 லிட்டர், பெரிய கறுப்புப் பைகளில் நான்கைந்து.

எங்கிருந்து எடுப்பது?

சொந்தச் செடியும் சமூகத் தோட்டத்தின் உள்ளே விழுவதும் முதல் வழி. 2005இல் தொடங்கிய கம்யூனிட்டி இன் புளூம் திட்டத்தின்கீழ் 2,000க்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் தலைக்குமேல் ஏதாவது ஒரு மரம் நிற்கும்.

இயற்கை வனப்பகுதிகளிலிருந்தும் தேசியப் பூங்காக்களிலிருந்தும் அனுமதியின்றி எதையும் எடுக்கக்கூடாது. அங்கே இலைச்சருகு காட்டின் சொந்த மூடாக்கு.

புளோக்கின் கீழே காலையில் கூட்டுபவர்களில் பலர் தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். “தம்பி, இந்த மூட்டையை நான் எடுத்துக்கவா?” என்று கேட்டால் மறுக்க மனம் வராமல் “எடுத்துக்குங்க அக்கா” என்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாமல், தோட்டக்குழுவின் பெயரில் நகர மன்றத்திடம் நேரே கேட்டு வாங்குவதே முறை.

மிஞ்சிய இலையை எரிக்க எண்ண வேண்டாம், திறந்தவெளியில் எரிப்பதற்கு இங்கே தடை இருக்கிறது. அடுக்குமாடியின் குப்பைச் சரிவுக் குழாயில் போட்டால் பொதுக் குப்பையோடு எரியாலைக்குப் போய், சாம்பல் புலாவ் செமாகாவ் நிலநிரப்புத் தளத்தில் சேரும். 1999இல் திறந்த அந்தத் தளம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது கணிப்பு. மிஞ்சியதைத் தோட்டக்குழுவின் மக்கு உரத் தொட்டிக்குக் கொடுத்துவிடலாம். அங்கே காய்கறிக் கழிவின் ஈரத்தை உறிஞ்சக் காய்ந்த இலை எப்போதும் தேவைப்படும்.

நத்தையும் கையுறையும்

மூடாக்கு மண்புழுவுக்கு மட்டும் வீடாகாது. பெரிய ஆப்பிரிக்க நத்தை பகலில் அதற்குள் பதுங்கி, இரவில் கீரையைத் தின்னும். இருட்டிய பிறகு கைவிளக்கோடு போய்ப் பொறுக்குவதுதான் நம்பகமான வழி. வெறுங்கையால் தொடாதீர்கள். மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணிப் புழுவை அது சுமந்திருக்கலாம்.

மண்ணிலும் சேற்று நீரிலும் மெலியோய்டோசிஸ் என்னும் தொற்றுநோயைத் தரும் கிருமி இந்தப் பகுதியில் இயல்பாகவே உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது கடுமையாகத் தாக்கும். நம் வீடுகளில் தோட்ட வேலை பார்ப்பவர் பெரும்பாலும் அப்பாவோ பாட்டியோதான், அவர்களில் பலருக்குச் சர்க்கரை இருக்கிறது. கையுறையும் மூடிய காலணியும் அவர்களுக்குக் கட்டாயம். காலில் ஆறாத புண் இருந்தால், குறிப்பாக மழைக்கு மறுநாள், அந்த வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும்.